கூடம் கோணலா, பஸ் இல்லையா?

(கோத்தகிரியில் புதிதாகக் கட்டிய நாடக அரங்கைப் பற்றிப் பார்வையாளர்களிடமும் நடிகர்களிடமும் எடுத்த கருத்துக் கேட்பை அலசுவதற்குக் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் அதிகாரிகளே, வெள்ளைத் தலைப்பாகையோடு வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பொறங்காடு சீமைப் படகர் பெரியவர்களே, கொள் என்னும் குழலும் பறையும் ஒலிக்க நம்மை உள்ளே அழைத்துவந்த கோத்தர் கலைஞர்களே, எஸ்டேட் வேலை முடிந்து ஸ்வெட்டரைக்கூட மாற்றாமல் நேராக இங்கே வந்திருக்கும் தாய்மார்களே, வணிகர் சங்கத்து நண்பர்களே, கல்லூரித் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். போன கூட்டத்தில் ஒரு பெயர் விட்டுப்போனதைப் பற்றி டீக்கடையில் இன்னும் பேச்சு ஓய்ந்தபாடில்லை. இடம் கொடுத்தவருக்கும், நாற்காலி கொடுத்தவருக்கும், நாற்காலி கொடுப்பதாக மேடையில் சொன்னவருக்கும் நம் நன்றி உரியது.

இன்றைக்கு மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். அரங்கத்தைப் பற்றி யார் யார் என்ன சொன்னார்கள் என்பது முதலாவது. ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஏன் ஒத்துப்போகவில்லை என்பது இரண்டாவது. வாடகை எவ்வளவு வைக்கலாம் என்பது மூன்றாவது. நேரம் இருந்தால் ஒலிபெருக்கியைப் பற்றியும் சொல்கிறேன்.

எண்களையெல்லாம் செயலாளர் வாசித்துவிட்டார். அதைத் திரும்ப வாசித்து உங்களைத் தூங்கவைக்க எனக்கு விருப்பமில்லை. கருத்துத் தாளின் கடைசியில் "பிற கருத்துகள்" என்று நாலு கோடு விட்டிருந்தார்களே, அங்கே எழுதியிருந்ததைத்தான் உட்கார்ந்து படித்தேன். கட்டம் போட்ட இடத்தில் எல்லோரும் மரியாதையாக டிக் அடித்திருக்கிறார்கள். உண்மை அந்த நாலு கோட்டில்தான் இருக்கிறது.

சுற்றுலா வந்தவர்களுக்கு அரங்கம் ரொம்பப் பிடித்திருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மலையில் செய்வதற்கு ஒன்றுமில்லை, இப்போது ஒன்று கிடைத்தது என்கிறார்கள். டிக்கெட்டை போனிலேயே எடுக்க வசதி வேண்டும், இடைவேளையில் வர்க்கி சூடாக இருக்க வேண்டும், வேறு குறை இல்லை. ஊருக்குள் வீடு உள்ளவர்கள் கார் நிறுத்த இடம் கேட்கிறார்கள். வயதானவர்கள் படிக்கட்டையும் கழிப்பறையையும் எழுதியிருக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் நாடகத்தைப் பற்றியே எழுதவில்லை, வெளிச்சத்தையும் செல்பி எடுக்கும் இடத்தையும் எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும், வருகிறார்களே!

நடிகர்கள் எழுதியதுதான் நீளம். மழை வந்தால் தகரக் கூரை போடும் சத்தத்தில் வசனம் நாலாவது வரிசையைத் தாண்டுவதில்லை. நம் ஊர் மழை கேட்டுக்கொண்டா வருகிறது? தென்மேற்கு ஒரு சுற்று, வடகிழக்கு ஒரு சுற்று. அப்புறம் பக்கத்துத் தூணின் நிழல் மேடையில் விழுகிறது, ராஜா நடந்துவந்தால் முகம் பாதிதான் தெரிகிறது என்று ஒருவர் படமே போட்டுக் காட்டியிருக்கிறார். இது புதுப் புகார் என்று நினைக்காதீர்கள். சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையைப் பாருங்கள். மேடை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். போக வர இரண்டு வாசல். தூணின் நிழல் அவையில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்று இளங்கோவடிகள் அப்போதே சொல்லிவிட்டார். அந்த அளவுகோலுக்கு மூங்கில் எங்கிருந்து வந்தது? மலையிலிருந்து! உயர்ந்த மலையில் வளர்ந்த மூங்கிலில், கணுவுக்குக் கணு ஒரு சாண் இருப்பதாகப் பார்த்து வெட்டி, இருபத்து நாலு விரல் நீளத்துக்குக் கோல் செய்தார்கள். ஊருக்கெல்லாம் அளவுகோல் கொடுத்தது மலை. நம் மலையில் கட்டிய மேடையில் தூண் நிழல் விழுகிறது. பொறியாளர் தம்பி இங்கேதான் இருக்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியை நான் எந்த மேடையிலும் விடுவதில்லை, உங்களுக்கும் பழகியிருக்கும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆடுகிறவர் பக்கம்தான் நியாயம். கூடம் நிஜமாகவே கொஞ்சம் கோணல்.

சரி, இரண்டாவது விஷயம். எல்லாத் தாளையும் ஒன்றாகக் கூட்டி "மக்களுக்கு அரங்கம் பிடித்திருக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடலாமா என்று கேட்டார்கள். கூடாது. மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் வெளியூர்க்காரர்கள் நிரப்பிய தாளும், ஆடி மழையில் நனைந்துகொண்டே உள்ளூர்க்காரர் நிரப்பிய தாளும் ஒன்றாகாது. யார் தாள் அதிகமோ அவர்கள் குரல்தான் மொத்தத்தில் கேட்கும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தாளை எங்கே வைத்துக் கொடுத்தோம்? அரங்க வாசலில். வாசலுக்கு வந்தவர் ஏற்கெனவே வந்துவிட்டவர். வராதவரிடம் யார் கேட்டது?

1936-ல் அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை அதிபர் தேர்தலுக்கு ஒரு கோடிப் பேருக்குத் தபாலில் வாக்குச் சீட்டு அனுப்பிக் கருத்துக் கேட்டது. இருபது லட்சத்துக்கு மேல் பதில் வந்தது. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னார்கள். 48 மாநிலத்தில் 46-ஐ ரூஸ்வெல்ட் வாரிக்கொண்டு போனார். முகவரியை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? டெலிபோன் வைத்திருந்தவர், கார் வைத்திருந்தவர் பட்டியலிலிருந்து. கார் வைத்திருந்தவரிடம் கேட்டால் கார்க்காரர் பதில்தானே வரும்? நம் தாளிலும் பார்க்கிங் பற்றி எத்தனை பேர், பஸ் பற்றி எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பஸ்ஸில் வர வேண்டியவர் வாசலுக்கே வரவில்லை.

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். எஸ்டேட் திருவிழா ஒன்றுக்குக் கீழே சமவெளியிலிருந்து வள்ளி திருமணம் போட ஒரு குழு வந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகம், தமிழ்நாட்டில் அதற்குக் கூட்டம் சேராத ஊர் கிடையாது. மார்கழி மாதம், மைதானத்துப் புல்லில் உறைபனி. ஆர்மோனியக்காரர் இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு, பாட்டு வரும்போது மட்டும் வெளியே எடுத்தார். வள்ளி சேலைக்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்ததால் தினைப்புனம் காக்கும் பெண் போலவே தெரியவில்லை. நாரதர் குல்லாவைக் கழற்றவே இல்லை. முருகன் கிழவர் வேஷத்தில் வந்து நடுங்க வேண்டிய கட்டம் வந்தது. நடிப்பே தேவைப்படவில்லை, பல் கிடுகிடுவென்று அடித்தது, கைதட்டல் அள்ளியது. அந்த நேரம் பார்த்து மேலே ரோட்டிலிருந்து ஹாரன் சத்தம். கடைசி பஸ்!

அவ்வளவுதான், பெண்கள் பக்கம் மொத்தமாக எழுந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்தவள், பாயைச் சுருட்டியவள், எல்லோரும் மேட்டுப் பக்கம் ஓட்டம். முருகன் பார்த்தார், தாடியோடு மேடையிலிருந்து குதித்தார், இவர்களுக்கு முந்தி பஸ்ஸுக்கு ஓடினார். "அண்ணே, கல்யாணம் முடியட்டும், பத்து நிமிஷம் கொடுங்க" என்று டிரைவரிடம் கெஞ்சினார். டிரைவர் சொன்னார்: "முருகா, உனக்கு மயில் இருக்கு, எப்ப வேணாலும் போவ. நான் டிப்போவுல போய்க் கணக்குச் சொல்லணும்." இருந்தாலும் நல்ல மனுஷர், இன்ஜினை அணைத்தார். கண்டக்டர் இறங்கிவந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு வாட்சைப் பார்த்தார். யானை வர வேண்டிய காட்சியையே விட்டுவிட்டு, வள்ளி தானாகவே சம்மதித்து, தாலி கட்டி, பத்தே நிமிஷத்தில் கல்யாணம் முடிந்தது. கூட்டம் பஸ் ஏறியது, பஸ் போய்விட்டது. இது எதுவும் தெரியாமல், யானைத் தோலுக்குள் காத்திருந்த இரண்டு பேர் தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார்கள். எதிரே காலி நாற்காலியும் ஒரு நாயும். நாய் குரைத்துக்கொண்டு ஓடியது.

மறுநாள் காலை அந்தக் குழுத் தலைவர் டீ குடித்துக்கொண்டு சொன்னதை நான் மறக்கவில்லை. "மலை ஜனங்களுக்கு ரசனை கம்மிங்க, பாதியில எழுந்து போயிடறாங்க" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள். ஆடத் தெரிந்த இவர் கூட்டம் கோணல் என்கிறார்!

நம் முன்னோர் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தார்கள். கூத்து என்றால் விடிய விடிய. இலங்கை மலையகத்திலிருந்து 1964 சாஸ்திரி – சிரிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கே வந்து டான்டீ என்னும் அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களில் குடியேறிய நம் உறவுகள் காமன் கூத்தைக் கையோடு கொண்டுவந்தார்கள். மாசி மாதம் அவர்கள் ஆடும் இரவில் கடைசி பஸ்ஸைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, முதல் பஸ்ஸில் வீட்டுக்குப் போகலாம். புது அரங்கத்தில் ஏழு மணிக்குத் திரை தூக்கி ஒன்பதரைக்கு இறக்குகிறோம். ஒன்பதரைக்கு முடிந்தால் கீழ்கோத்தகிரிக்காரர் எப்படிப் போவார்? சோலூர்மட்டத்துக்காரர், கோடநாட்டுக்காரர்? தேயிலைக்குள் குறுக்கு வழியாக நடக்கச் சொல்கிறீர்களா? அங்கே இரவில் நடப்பது காட்டெருமையும் கரடியும். பசுந்தேயிலை பறித்துவிட்டு வரும் அக்கா ஒருத்தி அந்த இருட்டில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு டார்ச் அடித்துப் போவாளா? ஜீப் பிடித்தால் டிக்கெட்டைவிட ஜீப் வாடகை அதிகம். அதனால் அவள் வரவில்லை, தாளும் நிரப்பவில்லை. நாம் உட்கார்ந்து "தொழிலாளர் பிரிவினர் ஆர்வம் குறைவு" என்று அறிக்கை எழுதுகிறோம்.

அடுத்த முறை தாளை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்காதீர்கள். இலை எடை போடும் இடத்துக்குப் போங்கள், பேக்டரி ஷிப்ட் மாறும்போது போங்கள், ரேஷன் கடை வரிசையில் கேளுங்கள். "அரங்கம் பிடித்திருக்கிறதா" என்று கேட்க வேண்டாம். "வந்தீர்களா, வராவிட்டால் ஏன்" என்று கேளுங்கள். எழுதத் தயங்கினால் நீங்களே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வாடகையைப் பற்றிச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், தலைவர் மணி அடித்துவிட்டார். நாடக நாட்களில் இரவு பத்து மணிக்கு மூன்று தடத்திலும் தடத்துக்கொரு பஸ் கேட்டு மனு தயாராக இருக்கிறது. வாசலில் டீ கொடுக்கும் மேசையில் வைத்திருக்கிறோம். வெறும் கையெழுத்து மட்டும் போடாதீர்கள், பக்கத்தில் நீங்கள் இறங்க வேண்டிய ஸ்டாப்பின் பெயரையும் எழுதுங்கள். பேனா கட்டியிருக்கிறது, யாரும் எடுத்துப்போக முடியாது. அதிகாரி ஐயா போகும்போது மனுவைக் கையிலேயே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கு ஒரு கைதட்டல். நன்றி, வணக்கம்.