கென்னடி படகின் ஓய்வு

நேயர்களுக்கு வணக்கம். நியூயார்க்கின் மன்ஹாட்டனையும் ஸ்டேட்டன் தீவையும் இணைக்கும் படகுச் சேவையில் 1965 முதல் 2021 வரை ஓடிய 'ஜான் எஃப். கென்னடி' படகைப் பற்றி இன்று பேசுகிறேன். ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீர்வழியை 25 நிமிடத்தில் கடக்கும் இச்சேவையில் 1997 முதல் கட்டணம் கிடையாது. இரு முனைகளிலும் ஓட்டும் அறை இருப்பதால், கரையை அடைந்த படகு திரும்ப வேண்டியதில்லை. வந்த வழியே எதிர்முனையை முன்னாக்கிக்கொண்டு புறப்பட்டுவிடும்.

ஒரு கப்பலுக்கு வயதாகிவிட்டது என்பதை வெறும் துருவை வைத்து முடிவு செய்துவிட முடியாது. தேய்ந்த தகட்டை அளந்து வெட்டி எடுத்துப் புதுத் தகடு பொருத்தலாம். ஆனால், உற்பத்தி நின்றுபோன இயந்திரத்துக்கும் பழைய மின்சாதனங்களுக்கும் உதிரிப் பாகம் தேடி அலையும் நிலை வரும்போது, பழுதுபார்ப்பதற்கு ஆகும் செலவைவிட, படகு ஓடாமல் நிற்கும் நாட்களால் பயணிகளுக்கு ஏற்படும் இழப்பே பெரிதாகிவிடுகிறது.

கென்னடியின் இடத்தை நிரப்புவதற்காக, தலா 4,500 பேர் பயணிக்கக்கூடிய மூன்று படகுகள் ஃபுளோரிடாவின் பனாமா சிட்டியில் கட்டப்பட்டன. 2018-இல் 'மைக்கேல்' சூறாவளி அந்தக் கப்பல் கட்டும் தளத்தையே தாக்கியதால் பணி தாமதமாயிற்று. முதல் படகான 'மைக்கேல் எச். ஆலிஸ்' 2022 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியது. கென்னடியில் மக்கள் விரும்பி உட்கார்ந்த திறந்தவெளி நடைத்தளத்தைப் புதிய படகுகளின் மேல்தளத்திலும் அமைத்திருப்பது, வடிவமைத்தவர்கள் பயணிகளின் பழக்கத்தையும் கவனித்திருக்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது.

இருப்பினும் புதுமை தன்னளவில் பாதுகாப்பாகிவிடாது. சேவைக்கு வந்து ஆறே மாதத்தில், 2022 டிசம்பரில், அந்த மூன்று புதிய படகுகளில் ஒன்றான 'சாண்டி கிரவுண்ட்' படகின் இயந்திர அறையில் தீப்பிடித்தது. 800-க்கும் மேற்பட்ட பயணிகள் வேறு படகுகளுக்கு மாற்றப்பட்டனர். எரிபொருள் தொட்டிக்குத் திரும்பிச் செல்லும் குழாயின் வால்வுகளைப் பணியாளர் ஒருவர் அறியாமல் மூடியதால் அழுத்தம் மிகுந்து, பீய்ச்சிய டீசல் பற்றிக்கொண்டது என விசாரணையில் தெரியவந்தது. பழைய படகில் கைப்பழக்கமாகிவிட்ட வேலையைப் புதிய குழாய் அமைப்பில் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. ஆகவே பயிற்சிக்கு ஆகும் செலவையும் காலத்தையும் படகு வாங்கும் ஒப்பந்தத்தோடு சேர்த்தே திட்டமிடுவதுதான் நவீனமயமாக்கல் என்பது என் கருத்து. புதிய படகுகள் எல்லாம் ஓரளவு ஓடிப் பழகும்வரை பழைய படகொன்றை மாற்றுக்கென வைத்திருப்பதும் வீண்செலவு ஆகாது.

கென்னடியை 2022 ஜனவரியில் நகர நிர்வாகம் ஏலத்தில் விற்றது. நகைச்சுவை நடிகர்கள் பீட் டேவிட்சனும் காலின் ஜோஸ்டும் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து 2,80,100 டாலருக்கு வாங்கினர். நகர்ப்புறத்தில் ஒரு வீட்டுக்குக்கூடப் போதாத விலைதான். ஆனால், அவ்வளவு பெரிய படகைக் கட்டி நிறுத்த இடமும், காப்பீடும், பராமரிப்பும் மாதந்தோறும் பணம் கேட்கும். 2024 செப்டம்பரில் ஓர் ஆடை நிறுவனத்தின் ஃபேஷன் அணிவகுப்பு அந்தப் படகின் தளத்தில் நடந்தது. நன்றி, வணக்கம்.