அரசின் கை சுருங்கட்டும்: பட்டிமன்ற உரை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

‘நாடு முன்னேற அரசின் கை நீள வேண்டுமா, சுருங்க வேண்டுமா?’ சுருங்க வேண்டும் என்று வாதாட வந்திருக்கிறது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், “அரசு ஒதுங்கினால் வலியவன் எளியவனை விழுங்கிவிடுவான்” என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அந்த ஒரு வரிக்குத்தான் என் பேச்சு முழுவதும் பதில்.

சீனப் போர் முடிந்த சூட்டில், 1963 ஜனவரியில், நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அன்னியச் செலாவணி கரைந்துகொண்டிருந்தது, தங்கக் கடத்தலை நிறுத்தியாக வேண்டும். அதற்குக் கண்ட வழி, இனி 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்பது. 22 காரட் நகையில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம் இருக்கும். 14 காரட்டில் 58.3 பங்குதான், மீதி செம்பும் வெள்ளியும். கலப்பு ஏற ஏற உலோகம் இறுகும், நிறமும் மாறும். கம்பி இழுத்து, தகடு தட்டி, பொடி வைத்து ஊதிப் பழகிய ஆசாரியின் கைக்கு அது அடங்காது. அடங்கினாலும் வாங்க ஆள் வேண்டுமே! 14 காரட்டில் தாலி செய்யச் சொல்லி எந்த வீட்டில் கேட்பார்கள்? பட்டறைகள் மூடின. பரம்பரையாக உலை ஊதியவர்கள் வேறு பிழைப்புத் தேடிப் போனார்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 1966-இல் 14 காரட் விதியைக் கைவிட்டார்கள். ஆனால் 1968-இல் கட்டுப்பாட்டைத் தனிச் சட்டமாகவே ஆக்கினார்கள். பொதுமக்கள் தங்கக் கட்டி வைத்திருக்கக் கூடாது, பொற்கொல்லர் 100 கிராமுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். 1990-இல் அந்தச் சட்டம் ரத்தாகும் வரை கடத்தல் நிற்கவே இல்லை. உள்நாட்டு விலைக்கும் வெளிநாட்டு விலைக்கும் இடைவெளி இருக்கும் வரை கடத்தலில் லாபம் இருக்கும். கடத்தல்காரனுக்கு வைத்த பொறியில் விழுந்தவர் ஆசாரி. நடுவர் அவர்களே, இதில் வலியவன் யார், எளியவன் யார்?

இதற்கு நேர்மாறான விதி ஒன்றும் அதே தொழிலில் இருக்கிறது. ஹால்மார்க் முத்திரை. 2021 ஜூன் முதல் 256 மாவட்டங்களில் அதைக் கட்டாயமாக்கினார்கள். 14 காரட் வாங்குவதா 22 காரட் வாங்குவதா என்பது வாங்குபவர் பாடு. முத்திரையில் சொன்ன அளவு தங்கம் உள்ளே இருக்கிறதா என்பதை மட்டும் அரசு பார்க்கிறது. இந்த மாதிரி விதிக்கு எங்கள் அணி எதிரி இல்லை. செய்யவே விடாமல் தடுக்கும் விதிதான் வேண்டாம் என்கிறோம், பொய் சொன்னால் பிடிக்கும் விதி வேண்டும்.

அடுத்து, எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சிறுதொழிலைக் காக்க அரசு வேலி போட வேண்டும் என்றார். போட்டுப் பார்த்தாகிவிட்டது. 1967-இல் 47 பொருள்களைச் சிறுதொழிலுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். பட்டியல் வளர்ந்து 800-ஐத் தாண்டியது. கடைசி 20 பொருள்கள் விடுபட்டது 2015-இல்தான். திருப்பூரின் பின்னலாடை அந்தப் பட்டியலில் 2005 வரை இருந்தது.

அதன் விளைவைப் பாருங்கள். சிறுதொழில் என்ற தகுதிக்கு இயந்திர முதலீட்டில் உச்சவரம்பு உண்டு, 1999-இல் அது 1 கோடி ரூபாய். ஒருவர் பின்னல், சாயம், தையல் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர நினைத்தால் வரம்பைத் தாண்டிவிடுவார். அதனால் மனைவி பெயரில் ஒன்று, மைத்துனர் பெயரில் ஒன்று என்று கம்பெனியைப் பிரிக்க வேண்டும். துணி ஒரு இடம், சாயம் இன்னொரு இடம் என்று அலையும். ஒரே ஆர்டருக்கான துணியைப் பல இடத்தில் சிறு சிறு லாட்டாகச் சாயம் போட்டால் லாட்டுக்கு லாட் நிறம் ஒட்டாது. பையர் கேட்பதோ ஒரே ஷேடில் லட்சம் பீஸ். ஏற்றுமதிக்கு விலக்கு இருந்தது உண்மைதான். உற்பத்தியில் 75 சதவீதத்தை, பிற்பாடு 50 சதவீதத்தை ஏற்றுமதி செய்வதாக உறுதி கொடுத்தால் பெரிய ஆலை வைக்கலாம். ஆனால் ஆர்டர் சரிந்த வருடம் அந்தச் சரக்கை உள்நாட்டுச் சந்தைக்குத் திருப்ப முடியாது. அந்த ஆபத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ள யார் துணிவார்? சிறியவரைக் காக்கப் போட்ட வேலி, சிறியவர் பெரியவராக வளர்வதைத்தான் தடுத்தது.

இவையெல்லாம் பிற்பாடு தெரிந்த ஞானம் என்று எதிரணி சொல்லக்கூடும். இல்லை. 1952 ஏப்ரலில் சென்னை மாநில முதல்வரான ராஜாஜி, இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து தொடர்ந்த உணவுக் கட்டுப்பாட்டை அந்த ஜூன் மாதமே எடுத்துவிட்டார். பஞ்சம் வரும் என்று பயமுறுத்தாதவர்கள் குறைவு. பதுங்கியிருந்த அரிசி வெளியே வந்தது. அதே ராஜாஜிதான் 1959-இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கி, ‘பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்’ என்று எச்சரித்தார். நாடு அதன் கணிசமான பகுதியைக் கைவிட்டது 1991 ஜூலையில். 18 தொழில்கள் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தொழில் உரிமம் ரத்தானது. இடையில் 32 ஆண்டுகள்!

சரி, பழங்கதையை விடுவோம். இன்றைய விவசாயியின் கதைக்கு வருகிறேன். ஏரி வண்டலை எடுத்து வயலில் போடுவது நம் ஊரின் பழைய வழக்கம். நிலமும் கொழிக்கும், ஏரியும் ஆழமாகும். விதிப்படி நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் எடுக்கலாம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். 75 கன மீட்டர் என்றால் 26 யூனிட்டுக்குச் சற்று மேல், டிராக்டரில் ஓரிரு நாள் வேலை. இதற்கு அனுமதி கலெக்டர் அலுவலகம் வரை போய் வர வேண்டியிருந்தது. வண்டல் எடுக்கும் பருவமோ மாசியிலிருந்து வைகாசி வரைதான். கோடை மழை ஓங்கிப் பெய்துவிட்டால் ஏரிக்குள் வண்டி இறங்காது. ஆடியில் கையெழுத்து கிடைத்து என்ன பயன்? 2024-இல் அந்த அதிகாரத்தைத் தாசில்தாருக்கு இறக்கினார்கள். நல்ல காரியம். இன்னும் ஒரு படி இறங்க வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

“அனுமதி இல்லாவிட்டால் ஏரியையே சூறையாடுவார்கள்” என்ற பயம் நியாயமானது. கரையை ஒட்டித் தோண்டினால் கரை பலவீனமாகும். மதகின் தளத்துக்குக் கீழே தோண்டினால் அங்கே நிற்கும் தண்ணீர் பாசனத்துக்கு ஏறாது. ஆனால் இந்த இரண்டையும் நேரில் பார்த்துத் தடுக்கக்கூடியவர் யார்? தாலுகா அலுவலகத்தில் இருப்பவரா, அந்த மதகுத் தண்ணீரை நம்பிப் பயிர் வைத்திருக்கும் ஆயக்கட்டுக்காரரா? 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாசன சங்கங்கள் அமைக்க வழி இருக்கிறது. எங்கே தோண்டலாம், எங்கே கூடாது என்று ஏரிக்குள் எல்லைக் கல் நட்டு, பொறியாளர் ஒருமுறை மட்டம் குறித்துக் கொடுக்கட்டும். மீதியைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். எல்லை தாண்டியவரின் வண்டியைப் பறிமுதல் செய்ய மட்டும் அரசு வரட்டும். குடிமராமத்து என்ற பெயரில் ஊரே தன் ஏரியைப் பராமரித்து வந்த நாடு இது. பொறுப்பைப் பிடுங்கினால் அக்கறையும் சேர்ந்து போய்விடும்.

முன் அனுமதியைக் குறைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு இன்னொரு சான்றும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, விண்ணப்பதாரரே சான்றளித்துக் கட்டணம் கட்டினால் இணையத்தில் உடனே அனுமதி. பிறகு அதிகாரி வந்து சரிபார்க்கலாம், பொய் ஆவணம் என்றால் ரத்து செய்யலாம். இதே முறையை ஆலைக்கும் கடைக்கும் கொண்டுபோக என்ன தடை?

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ‘30 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்க’ என்று எழுதி வைத்தால் மட்டும் போதாது. 29-ஆம் நாள் “இந்தத் தாள் இல்லை” என்று ஒரு கேள்வி வரும், கடிகாரம் மறுபடி முதல் நாளிலிருந்து ஓடும். அனுமதி கிடைத்ததாகவே வைத்தாலும், கையில் சான்று இல்லாமல் வங்கி கடன் தராது, மின்வாரியம் இணைப்புத் தராது. ஆகவே மூன்று திருத்தம் வேண்டும். கேள்வி ஒரே ஒருமுறை, அதுவும் முதல் 7 நாளுக்குள். கெடு முடிந்த மறுநாள் காலை எண்ணுடன் கூடிய சான்றைக் கணினியே வெளியிட வேண்டும். அந்தச் சான்றை எல்லாத் துறையும் ஏற்றாக வேண்டும். இதோடு, புதிதாகப் போடும் ஒவ்வொரு விதிக்கும் 10 ஆண்டு ஆயுள். சட்டமன்றம் மறுபடி வாக்களித்தால் நீடிக்கட்டும், இல்லையேல் தானாக மறையட்டும்.

சத்துணவையும் ரேஷனையும் மூடச் சொல்கிறோம் என்று எதிரணி பழி போட்டது. இல்லவே இல்லை. பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவது அரசின் கடமை. விமானம் ஓட்டுவது கடமை இல்லை. 1932-இல் டாடா தொடங்கிய விமான நிறுவனத்தை, இன்றைய ஏர் இந்தியாவை, 1953-இல் நாட்டுடைமை ஆக்கினார்கள். 2022-இல் திரும்பக் கொடுத்தார்கள்; 2021 ஆகஸ்ட் கணக்குப்படி கடன் 61,562 கோடி ரூபாய். அதில் டாடா ஏற்றது 15,300 கோடி, அரசின் தலையில் நின்றது 46,262 கோடி. எத்தனை பள்ளிக்கூடத்துக்கு ஆகியிருக்கும் அந்தப் பணம்!

முடிவாக, எதிரணித் தலைவரின் வலியவனிடம் வருகிறேன். சிறு உற்பத்தியாளரை வலியவன் உண்மையில் எங்கே விழுங்குகிறான்? சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தராமல் இழுத்தடிக்கும் இடத்தில். 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டமே சொல்கிறது. ஆனால் தராவிட்டால் எங்கே போவது? நாட்டில் நிலுவை வழக்குகள் 5 கோடிக்கு மேல். 10 லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-இல் சொன்னது, இன்று அனுமதிக்கப்பட்ட இடங்களே சுமார் 21தான், அதிலும் பல காலி. அரசு பலமாக நிற்க வேண்டிய இந்த இடத்தில் மெலிந்து கிடக்கிறது. அனுமதிப் பிரிவுகளைச் சுருக்கினால் மிச்சமாகும் பணத்தில், 3 லட்சம் ரூபாய் வழக்கையும் விசாரிக்கும் வணிக நீதிமன்றங்களை மாவட்டம்தோறும் கூட்டுங்கள். காலியாக இருக்கும் நீதிபதி இடங்களையும் சுருக்கெழுத்தர் இடங்களையும் நிரப்புங்கள். அந்த 45 நாள் கெடு தாண்டிய பில்லோடு வருபவருக்கு ஆறு மாதத்தில் தீர்ப்புக் கிடைக்க வழி செய்யுங்கள். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.