அந்த ஷஃபிளை அணையுங்கள்

(இசை ரசிகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, இந்தக் கூடத்தை நமக்குத் திறந்துவிட்டதோடு நிற்காமல் முதல் வரிசையிலேயே வந்து உட்கார்ந்திருக்கும் நூலகர் ஐயா அவர்களே, இரண்டு பெரிய ஸ்பீக்கர்களைத் தோளில் சுமந்து மாடி ஏற்றிய தம்பிகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவேற்புரையில் செயலாளர் பாசத்தில் என்னை "டிஜே" என்று சொல்லிவிட்டார். நான் டிஜே இல்லை, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அதைக் கேட்டதும் முதல்வர் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பரவாயில்லை அம்மா, என் வீட்டிலும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

கிளப் டிஜேக்கள், அதாவது ஆடல் அரங்குகளில் இசைத்தட்டு ஓட்டுகிறவர்கள், பாட்டோடு பாட்டைக் கோத்துச் செய்கிற மிக்ஸ் ஆல்பத்தைக் கேட்பது எப்படி என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று செய்திகள் சொல்லலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். இது எங்கிருந்து வந்தது, எப்படிச் செய்கிறார்கள், ஆடுவதற்கென்றே செய்த இசையை ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து ஏன் கேட்க வேண்டும். என்னிடம் படித்தவர்கள் இங்கே நாலைந்து பேர் தெரிகிறார்கள். நான் வகுப்பில் தினமும் சொன்ன பழமொழி அவர்களுக்கு நினைவிருக்கும்: பதறாத காரியம் சிதறாது. இன்றைக்கும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் வரலாறு. வேகமாகப் போய்விடலாம். நியூயார்க்கில் பிரான்சிஸ் கிராஸோ என்ற டிஜே, ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும்வரை ஆடுகிறவர்கள் சும்மா நிற்க வேண்டாம் என்று, இரண்டு இசைத்தட்டுகளின் தாளத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டிக் காட்டினார். 1972-இல், பின்னாளில் டிஜேக்களுக்குப் பிடித்துப்போன டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்ற தட்டு சுழற்றி வந்தது. 1977-இல் சிகாகோவில் வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற டிஜே வாசிக்கத் தொடங்கினார். ஹவுஸ் என்ற நடன இசைக்கு அந்தப் பெயரே அந்தக் கிளப்பிலிருந்து வந்தது என்பார்கள். டிஜேக்கள் இப்படி ஓட்டுவதெல்லாம் அந்த இரவோடு போய்விடும், இல்லையென்றால் கேசட்டில் கைமாறும். 1994-இல் ரினெய்ஸான்ஸ் என்ற ஆங்கிலேய கிளப்பின் பெயரில் சாஷா, ஜான் டிக்வீட் என்ற இரண்டு டிஜேக்கள் மூன்று சிடி கொண்ட ஒரு மிக்ஸைக் கடைக்கே கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு டிஜே-கிக்ஸ் என்ற மிக்ஸ் ஆல்ப வரிசை, 1996-இல் குளோபல் அண்டர்கிரவுண்ட் வரிசை, 2001-இல் லண்டன் ஃபேப்ரிக் கிளப் தன் பெயரில் தொடங்கிய வரிசை என்று வந்தன. எனக்குப் பிடித்தது ஜெஃப் மில்ஸ் என்ற டிஜே 1995-இல் டோக்கியோவில் லிக்விட் ரூம் என்ற கிளப்பில் பதிவு செய்தது. அதில் கூட்டத்தின் சத்தமும் கேட்கும், கைத்தவறுகளும் கேட்கும். அவற்றைத் துடைத்துச் சுத்தம் செய்யாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

சரி, இப்போது என் கதை. செயலாளர் தம்பி ஏற்கனவே கேட்டதுதான், ஆனால் அவர்தான் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

வீட்டிலேயே கணினியில் சிடி எழுதிக்கொண்டிருந்த காலம். என் தங்கை மகன் ஒரு மிக்ஸ் ஆல்பத்தைப் பன்னிரண்டு கோப்புகளாக அனுப்பியிருந்தான். நானே உட்கார்ந்து அதை ஒரு சிடியில் எழுதினேன். மூன்று மாதம் கேட்டேன். ஆறு ஏழு நிமிடத்துக்கு ஒரு தடவை, இசை உச்சத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, படக்கென்று ஒரு நிசப்தம். இரண்டு விநாடி. மறுபடி அதே வேகத்தில் பிடித்துக்கொள்ளும். முதலில் திடுக்கிட்டேன். அப்புறம் யோசித்தேன், யோசிக்க யோசிக்கப் பெரிய விஷயமாகத் தெரிந்தது. அந்த மாதம் ஒரு விழாவில் பேசக் கூப்பிட்டார்கள். மேடையில் ஏறி, "இந்தக் கலைஞன் மௌனத்தைக் கையாள்கிற விதத்தைப் பாருங்கள், ஆடுகிறவனின் காலை அந்தரத்தில் நிறுத்துகிறான்" என்று பதினைந்து நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள். ஒரு தமிழாசிரியர் குறிப்புகூட எடுத்தார்.

விடுமுறைக்கு அந்தத் தங்கை மகன் வந்தான். பெருமையாகப் போட்டுக் காட்டினேன். முதல் மௌனத்தில் புருவத்தைத் தூக்கினான். இரண்டாவதில் என்னைப் பார்த்தான். மூன்றாவதில் எழுந்துபோய் சிடியை வெளியே எடுத்தான்.

"மாமா, இது யார் எழுதினது?"

"நான்தான்டா."

"ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவுல ரெண்டு செகண்ட் கேப்னு ஒரு இடம் இருக்கும். அதை மாத்தாம விட்டுட்டீங்க."

"அப்போ அந்த மௌனம்?"

"அது சாஃப்ட்வேரோட மௌனம் மாமா."

நீங்கள் சிரிக்கலாம், நானும் சிரித்தேன், ஆனால் ஒரு வாரம் கழித்து. அந்தத் தமிழாசிரியரைப் பார்த்தால் இன்றைக்கும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலம் அவன் அசல் சிடியைப் போட்டான். இரண்டாம் பாட்டு முடியும் இடம். முதலில் எங்கேயோ தூரத்தில் ஒரு ஹை-ஹாட், டிரம்மோடு சேர்ந்த தாளத்தட்டின் ஒலி, அது இந்தப் பாட்டுக்குச் சொந்தமில்லாதது. அப்புறம் பேஸ், அந்த அடிக்குரல் ஒலி, மெதுவாக வடிந்து போகிறது. டம் டம் என்று அடிக்கும் கிக் டிரம் மட்டும் தனியாக நடக்கிறது. முப்பத்திரண்டு பீட், அதாவது தாள அடி, எண்ணினேன், வாத்தியார் புத்தி. முப்பத்து மூன்றாவதில் புதிய பேஸ் வந்து உட்கார்ந்தது. பழைய பாட்டு எந்த நொடியில் போனது என்று என்னால் சொல்ல முடியவில்லை. மூன்று மாதமாக நான் கத்தியை வைத்திருந்தது இந்த இடத்தில்தான்.

அதன் கணக்கு எளிது. நிமிடத்துக்கு 128 பீட் என்றால் 32 பீட்டுக்குச் சரியாக 15 விநாடி. அடுத்த பாட்டு 126-இல் இருந்தால், அதன் வேகத்தை ஏறக்குறைய 1.6 சதவீதம் கூட்ட வேண்டும். டிஜே ஒரு காதில் ஹெட்ஃபோன், மறு காதில் கூடத்தின் சத்தம் என்று வைத்துக்கொண்டு, தட்டு சுழற்றியின் ஓரத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க இருக்கும் பிட்ச் ஸ்லைடரை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். இரண்டு பேர் ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் கொஞ்சம் முந்தினால் உலக்கையும் உலக்கையும் மோதும். இரண்டு பேஸ் ஒரே நேரத்தில் ஒலித்தால் கலங்கிப் போகும், அதனால் இரண்டு ஒலிகளையும் கலக்கும் மிக்ஸர் என்ற கருவியில் ஒன்றை இறக்கி மற்றதை ஏற்ற வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்றேனே, அவர்கள் தொழிலே அதுதான். இப்போது மென்பொருளே தாளத்தைச் சேர்த்துவிடுகிறது. ஆனால் எந்தப் பாட்டை, எப்போது, எவ்வளவு நேரம் சேர்த்து ஓட்டுவது என்பது இன்னும் ஆள் முடிவுதான். இதில் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

அதனால் நான் வந்த காரியத்துக்கு நேராக வந்துவிடுகிறேன். இப்போது கேட்பவர்கள் ஃபோனில் கேட்கிறார்கள். குறை சொல்லவில்லை, நானும் ஃபோனில்தான் கேட்கிறேன். ஆனால் எழுபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டிய ஆல்பத்தை ஷஃபிளில், அதாவது வரிசையைக் கலைத்து ஓட்டும் பொத்தானில், போட்டால், ஒன்பதாவது துண்டு முதலில் வரும், பாதித் தாளத்தில் தொடங்கி, வேறு ஏதோ ஒன்றின் வாலோடு முடியும். எம்பி3 கோப்பாக்கும்போதே தொடக்கத்திலும் முடிவிலும் துளி வெற்றிடம் சேர்ந்துவிடும். அதைக் கவனித்து நீக்கத் தெரியாத செயலியில் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு விக்கல். "எல்லாம் ஒரே டம் டம்தானே சார்" என்று கேட்கிற பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஷஃபிளை அணைத்தாயா? பெரும்பாலும் பதில் வராது. சாதாரண ஆல்பத்துக்கே இது ஆகாது என்று ஆங்கிலப் பாடகி அடெல் கேட்டு, 2021-இல் ஸ்பாட்டிஃபை என்ற இசைச் செயலி தன் ஆல்பம் பக்கங்களில் ஷஃபிளை முதல் பொத்தானாக வைப்பதை நிறுத்தியது. பாட்டுக்குப் பாட்டு இடைவெளி உள்ள ஆல்பத்துக்கே அப்படி என்றால் இதற்கு எப்படி?

நூலகர் ஐயா, இந்த இடத்தில் நான் உங்களைத்தான் பார்த்துப் பேசுகிறேன். பின்பக்கம் பழைய நாளிதழ்கள் அடுக்கிய ஓர் அறை இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம் அதைக் கொடுங்கள். இரண்டு ஸ்பீக்கர், பத்து நாற்காலி, ஃபோன்களைப் போட்டுவைக்க ஒரு பெட்டி. முதலிலிருந்து கடைசிவரை ஒரு மிக்ஸ். வாசகர்களுக்குத் தொந்தரவாக சத்தம் வைக்க மாட்டோம், அது என் பொறுப்பு. கிளப்பில்தான் உடம்பு அதிர வேண்டும். இங்கே காது வேலை செய்தால் போதும். ஏன் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்ற மூன்றாவது செய்தியைச் சொல்ல நேரமில்லை, அந்த அறையில் சொல்லிக்கொள்கிறேன். ஐயா தலையசைத்தது போலத் தெரிந்தது. செயலாளர் தம்பி, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. முதல்வர் அம்மா முதலில் போட்டால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும்.

இப்போது ஓர் ஆல்பத்தைப் போடப் போகிறோம். எழுபத்திரண்டு நிமிடம். எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். மின்விளக்கைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். தம்பி, போடுவதற்கு முன்னால் அந்த ஷஃபிள் அணைந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடு.