தண்ணீரும் இறங்காதபோது

நேயர்களுக்கு வணக்கம். அவசரமாகச் சாப்பிடும்போது நெஞ்சுக்குள் ஏதோ நின்றுவிட்டது போல எல்லோருக்கும் எப்போதாவது இருந்திருக்கும். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும். அந்தத் தண்ணீரே இறங்காவிட்டால்? அகலேசியா என்ற கோளாறு அப்படிப்பட்டது. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் புதிதாக வரும்.

உணவுக்குழாய் சும்மா ஒரு குழாய் இல்லை. விழுங்கியதை அலை அலையாகச் சுருங்கிக் கீழே தள்ளுகிற தசை அது. அதனால்தான் தலைகீழாக நின்றாலும் விழுங்க முடிகிறது (யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்). அதன் அடியில், இரைப்பை தொடங்கும் இடத்தில், ஒரு வளையத்தசை இறுகியே இருக்கும். விழுங்கும்போது மட்டும் தளர்ந்து வழிவிடும். அதைத் தளரச் செய்யும் நரம்பணுக்கள் அழிந்துபோனால் வளையம் சரியாகத் திறக்காது. தள்ளுகிற அலையும் ஒழுங்காக வராது.

இதை முதலில் எழுதிவைத்தவர் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், 1674இல். அவர் செய்த வைத்தியத்தை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த வளையும் தகட்டை ஒரு கோலாக்கி, நுனியில் சின்னக் கடற்பஞ்சு உருண்டையைப் பொருத்திக் கொடுத்தார். நோயாளி உணவை விழுங்குவார், கோலைத் தொண்டைக்குள் விட்டுக் கீழே தள்ளுவார். வேளாவேளைக்கு, ஆண்டுக்கணக்கில்! அந்த மனிதர் அதைக்கொண்டே பிழைத்துக் கிடந்தார். எக்ஸ்ரே கிடையாது, மயக்க மருந்து கிடையாது. அடைப்பு எங்கே என்று மட்டும் வில்லிஸுக்குப் புரிந்திருந்தது.

இன்று எல்லாக் கருவியும் இருந்தும் பலருக்கு நோய் தெரியவே ஆண்டுகள் ஆகின்றன. சாப்பிட்டது மேலே வருகிறது, நெஞ்சு வலிக்கிறது என்றால் அசிடிட்டி என்று மாத்திரை தருகிறார்கள். எண்டோஸ்கோப்பியில் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அப்புறம் என்ன, "மனசுதான் காரணம்" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். தண்ணீர் இறங்குகிறதா என்று நோயாளியிடம் கேளுங்கள்! குழாய் கட்டியால் சுருங்கினால் முதலில் கெட்டியான உணவு சிக்கும், நாளாக ஆகத்தான் தண்ணீர் சிக்கும். அகலேசியாவில் பெரும்பாலும் தொடக்கத்திலிருந்தே இரண்டும் தடுமாறும். படுத்தால் செரிக்காத உணவு வாய்க்கு வரும், இரவில் இருமல் எழுப்பும், எடை குறையும். மறுபடியும் சொல்கிறேன்: தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி சோதனைதான் இதை உறுதிசெய்யும்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டுகிறார்கள், சிகிச்சையை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். அழிந்த நரம்பணுக்களை மீட்க வழியில்லை, வளையத்தைத் தளர்த்தலாம். பலூன் வைத்து விரிப்பது ஒரு வழி. தசையை வெட்டித் தளர்த்தும் அறுவையை 1913இல் எர்ன்ஸ்ட் ஹெல்லர் செய்தார். இன்று அதைச் சிறு துளைகள் வழியாகவே செய்கிறார்கள். வாய்வழியே எண்டோஸ்கோப்பியால் தசையை வெட்டும் 'போயம்' முறையும் வந்துவிட்டது. எதைச் செய்தாலும் தொடர்ந்து மருத்துவரைப் பார்த்துவர வேண்டும். ஒன்று மட்டும்: வயதானவருக்குத் திடீரென விழுங்கச் சிரமமாகி எடையும் வேகமாகக் குறைந்தால், புற்றுநோய் இல்லை என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். வணக்கம்.