குழியில் இறங்கிய காருக்கு மாநகர சபை நட்டஈடு தருமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் தயவுசெய்து பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மட்டக்களப்பு மாநகர எல்லைக்குள் வசிக்கும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கார்த்திகை மாத மழையில், இரவு எட்டு மணியளவில், கல்லடிப் பக்கத்து உள்வீதியொன்றில் தண்ணீர் நிரம்பிக் கிடந்த குழிக்குள் அவருடைய காரின் முன் இடப்பக்கச் சில்லு இறங்கிவிட்டது. றிம் வளைந்து, ரயரின் பக்கச் சுவர் கிழிந்து, லோவர் ஆமும் நெளிந்துவிட்டதாகக் கராஜில் சொல்லியிருக்கிறார்கள். "மாநகர சபையிடம் நட்டஈடு கேட்கலாமா ஐயா, கேட்டால் தருவார்களா?" என்பது அவருடைய கேள்வி. ஆனால் என் மனதில் நின்றது அவர் கடைசியில் எழுதிய வரி: "அந்தக் குழி ஆவணியிலிருந்தே அங்கே இருக்கிறது, எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும்." அவருடைய வழக்கின் பலமும் பலவீனமும் அந்த ஒரே வரிக்குள் கிடக்கின்றன.

கேட்கலாம், தம்பி. கேட்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் யாரிடம் கேட்பது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும், ஏனென்றால் நகரத்துக்குள் கிடக்கிற வீதியெல்லாம் மாநகர சபையின் வீதி அல்ல. கொழும்பிலிருந்து பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக நம்முடைய நகரத்துக்குள் வந்து சேரும் ஏ4 வீதியும், இங்கிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதியும், 1981ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளவை. ஏ, பி வகுப்பு வீதிகள் அவர்களுடையவை. சி, டி வகுப்பு வீதிகள் மாகாண சபையின் கீழ் வருபவை. மிச்சமுள்ள உள்வீதிகளும் ஒழுங்கைகளும்தான் பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றத்துக்கு உரியவை. கல்முனை, அக்கரைப்பற்று நேயர்களுக்கும் இதே கணக்குத்தான். சம்மாந்துறையிலோ வவுணதீவிலோ இருப்பவர்கள் மாநகர சபை என்ற இடத்தில் பிரதேச சபை என்று போட்டுக்கொள்ளுங்கள். பிரதான வீதியில் நடந்த விபத்துக்கு மாநகர சபைக்குக் கடிதம் எழுதி, மூன்று மாதம் கழித்து "இது எமக்குரிய வீதியன்று" என்ற ஒற்றை வரிப் பதிலோடு வந்து நின்றவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இப்படியான சேதத்துக்கு நம் நாட்டில், ஒல்லாந்தர் காலத்தில் வந்த உரோமன் டச்சுச் சட்டமே அடிப்படை. குழி இருந்தது, கார் உடைந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. குழியை அப்படி விட்டு வைத்ததில் சபையின் கவனயீனம் இருந்தது என்பதையும் வழக்காளியே நிரூபிக்க வேண்டும். ஒரு நகர சபை வீதியைத் திருத்தாமல் சும்மா இருந்தது என்பதற்காக அதனைப் பொறுப்பாக்க முடியாது, அது தானே ஒரு காரியத்தைச் செய்து ஆபத்தை உண்டாக்கியிருந்தால்தான் பொறுப்பாக்கலாம் என்ற கோட்பாடு, இதே சட்டத்தைப் பின்பற்றும் தென்னாபிரிக்காவில் நெடுங்காலம் நிலவியது. 2000ஆம் ஆண்டில் கேப் டவுன் மாநகர சபைக்கு எதிராக, நடைபாதைக் குழியில் விழுந்த ஒரு பெண்மணியின் வழக்கில், அந்நாட்டு உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆயினும் எல்லாச் சபைகளையும் ஒரே தராசில் அது நிறுக்கவில்லை. கையில் காசில்லாத ஒரு சின்னஞ்சிறு சபை, அதிகம் பேர் போகாத ஒழுங்கையில், கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற சிறு குழிகளைத் திருத்தாமல் விட்டால் அதனைக் குற்றம் சொல்ல முடியாமலும் போகலாம் என்ற பொருள்பட அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒரே சட்டக் குடும்பம் என்பதால் எடுத்துக்காட்டி வாதிடலாம். எதிர்த்தரப்பும் அதே தீர்ப்பை எடுத்து, "நாங்களும் காசில்லாத சபைதான்" என்று வாதிடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆகவே வழக்கு முழுவதும் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: அந்தக் குழியைப் பற்றிச் சபைக்குத் தெரியுமா? ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும் என்கிறீர்கள். எல்லோரிலும் யாராவது ஒருவர் சபைக்கு எழுதினாரா? வளவு எல்லைத் தகராறு பற்றிய பேச்சிலும், வாடகை வீட்டுப் பேச்சிலும் நான் சொன்னதைத்தான் மீண்டும் சொல்கிறேன். கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் "பெறப்பட்டது" என்ற முத்திரையைத் திகதியோடு வாங்குங்கள். ஊதா மையில், பாதி அழிந்து, சற்றுச் சரிந்து விழும் அந்தச் சிறிய முத்திரைக்கு நீதிமன்றத்தில் இருக்கிற மதிப்பு, பத்துப் பேர் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்வதற்குக் கிடையாது.

நியூயோர்க் நகரத்தில் இதையே சட்டமாக்கிவிட்டார்கள். 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறைபாட்டைப் பற்றி நகர நிர்வாகத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்திருந்து, அதன் பின் பதினைந்து நாளுக்குள் அது திருத்தப்படாமல் இருந்தால் ஒழிய, விழுந்தவர் வழக்குப் போட முடியாது. அங்கிருந்த சட்டத்தரணிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1982இல் ஒரு அமைப்பை உருவாக்கி, ஆட்களைத் தெருத்தெருவாக அனுப்பி, நடைபாதை வெடிப்புகளையும் குழிகளையும் குறியீடுகளால் வரைபடமாக்கி, கட்டுக்கட்டாக நகர நிர்வாகத்திடம் ஒப்படைத்தார்கள். இன்னும் யாரும் விழாத குழிக்கும் முன்கூட்டியே அறிவித்தல் கொடுத்தாயிற்று. 2008இல் அந்த மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம், வரைபடத்தில் போட்ட குறியீடு உண்மையான குறைபாட்டோடு பொருந்தாவிட்டால் அது அறிவித்தலே ஆகாது என்றும் சொன்னது. எழுதினால் மட்டும் போதாது, சரியாக எழுத வேண்டும். நம் நாட்டில் அப்படியொரு நிபந்தனை இல்லை. எனினும் கவனயீனத்தை நிரூபிக்க நமக்கும் அதைவிட நல்ல வழி இல்லை.

எனக்கும் இந்த அனுபவம் உண்டு. பல வருடங்களுக்கு முன் வாவியோரத்து வீதியொன்றில் என் மோட்டார் சைக்கிள் குழியில் இறங்கி, முன் போர்க் வளைந்து, முழங்கையில் ஆறு தையல் போட்டார்கள். உரிய அலுவலகத்துக்குப் போய், "இதைப் பற்றிப் போன மாதமே வந்து சொன்னேனே" என்றேன். அங்கிருந்த உத்தியோகத்தர் முறைப்பாட்டுப் பதிவேட்டை என் பக்கமாகத் திருப்பி வைத்து, "நீங்கள் சொன்னது இதில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றார். அந்தப் பக்கத்தில் தெருவிளக்கு, வடிகான், கட்டாக்காலி மாடு எல்லாம் இருந்தன. என் குழி மட்டும் இல்லை.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். என் தகப்பனார் படுவான்கரைப் பக்கம் வீதி ஓவசியராக இருந்தவர். குழியை மூடுவதென்றால் அவர் முதலில் உதிரும் ஓரங்களைச் சதுரமாக வெட்டி எடுப்பிப்பார். தண்ணீரை இறைத்து, அடியைக் கூட்டிக் காயவைத்து, பக்கங்களுக்குத் தார் பூசி, சல்லியைப் படைபடையாகப் போட்டு இடிப்பிப்பார். தண்ணீர் நிற்கிற குழியில் ஒரு சட்டி தாரும் ஊற்ற விடமாட்டார். மேல் தார்ப் படையின் வெடிப்பால் இறங்கிய தண்ணீர் அடித்தளத்தை இளக்கி, அதன்மேல் சில்லுகள் ஏறியேறித்தான் குழி உண்டாகிறது. அடி ஈரமாக இருக்க மேலே எதைப் போட்டாலும் அடுத்த மழையில் போய்விடும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் குழிக்குள் யாராவது முன்பு கிறவல் கொட்டி மூடிய அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, அதைக் கொட்டியது சபை என்று காட்ட முடிந்தால், சபைக்குக் குழியைத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. அரைகுறையாக மூடியது சபையின் சொந்தச் செயல் என்றும் வாதிடலாம். அதேபோல, குழாய் பதிக்க வெட்டிய நீளவாக்கான பள்ளமா என்றும் பாருங்கள். வெட்டியவர்கள் மண்ணை இறுக்காமல் விட்டுப் போயிருந்தால் பொறுப்பு முதலில் அவர்களையே சாரும்.

இப்போது அந்த வரியின் மறுபக்கம். எல்லோருக்கும் தெரியும் என்றால் உங்களுக்கும் தெரியும். தெரிந்த குழிக்குள் காரை விட்டவர் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி உங்களைக் கூண்டில் வைத்துக் கேட்பார். பங்களிப்புக் கவனயீனம், அதாவது பாதிக்கப்பட்டவரின் சொந்தக் கவனயீனம் பற்றிய 1968ஆம் ஆண்டின் சட்டத்தால் உங்கள் வழக்கு அடியோடு விழாது. ஆனால் உங்கள் பங்குக்கு ஏற்ப நட்டஈடு குறையும். ஆகவே இரவு, மழை, தெருவிளக்கு எரியவில்லை, எதிரே வாகனம் வந்தது என்று உண்மையாக இருந்தவற்றை இன்றே எழுதி வையுங்கள். வேகமாகப் போயிருந்தால் உங்கள் சட்டத்தரணியிடமாவது மறைக்காதீர்கள்.

படம் எடுத்தேன் என்கிறீர்கள், அனுப்பியதைப் பார்த்தேன். சேற்றுத் தண்ணீர் மட்டும் தெரிகிறது. தண்ணீர் வற்றியதும் மீண்டும் போய், குழிக்குக் குறுக்கே ஒரு தடியை வைத்து, அதிலிருந்து அடிமட்டத்தைச் செங்குத்தாக இறக்கி, ஆழத்தின் எண் தெரியும்படி எடுங்கள். பிறகு பத்தடி பின்னால் நின்று, பக்கத்து மின்கம்பத்தின் இலக்கமும் சேர்ந்து விழும்படி இன்னொன்று எடுங்கள். கிழிந்த ரயரையும் பழைய றிம்மையும் கராஜில் விட்டுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள். முழுக் காப்புறுதி இருந்தால் அந்தக் கம்பனிக்கும் உடனே அறிவியுங்கள்.

கால எல்லைதான் பலரைக் கவிழ்ப்பது. சாதாரணமாக இத்தகைய நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம் உண்டு. மாநகர சபைக்கு எதிராக என்றால் அந்த இரண்டு வருடத்தை நம்பியிருக்கக் கூடாது: வழக்குக்கு முன் ஒரு மாத எழுத்து மூல அறிவித்தல் கொடுக்க வேண்டும், வழக்குப் போடும் காலமும் மாதக் கணக்கிலேயே முடிந்துவிடும். மாரி முடியட்டும், பொங்கல் முடியட்டும் என்று இருந்தால் உரிமை போய்விடும். இந்த வாரமே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

கூடவே, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் நான்கு விடயங்களைக் கேளுங்கள்: அந்த வீதி யாருடைய பொறுப்பு, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, ஆவணி முதல் அதைப் பற்றி வந்த முறைப்பாடுகளின் பிரதிகள், அங்கே வீதியை வெட்ட யாருக்காவது அனுமதி கொடுக்கப்பட்டதா. பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர் தம் முடிவைச் சொல்ல வேண்டும். உங்கள் ஒழுங்கைக்காரர் யாராவது ஒருவர் ஆவணியில் எழுதியிருந்தால் அந்தக் கடிதம் அங்கே அகப்படும். அகப்பட்டால் உங்கள் வழக்கு வேறு வழக்கு.

ஆனால் தம்பி, நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. அந்தக் குழி இன்னும் அங்கே கிடக்கிறதா? காரின் றிம்மை வளைத்த குழி, டியூசன் முடிந்து சைக்கிளில் வரும் பிள்ளையை என்ன செய்யும்? உங்கள் நட்டஈட்டுக் கடிதத்தோடு சேர்த்து, வீதியின் பெயர், மின்கம்ப இலக்கம், ஆழம், அகலம், இன்றைய திகதி எல்லாம் போட்டு, குழியை மூடச் சொல்லித் தனியே ஒரு கடிதமும் எழுதுங்கள். ஒழுங்கையில் உள்ள எல்லோரிடமும் கையொப்பம் வாங்குங்கள். நாளை திங்கட்கிழமை, அலுவலகம் எட்டரைக்குத் திறக்கும். இரண்டு பிரதி கொண்டுபோங்கள், முத்திரை குத்தியதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.