தட்டம்மை வாசல் வழியாக நுழைவதில்லை

அனைவருக்கும் வணக்கம். வைரஸ் காற்றில் வருகிறது, மூக்குக்குள் போகிறது, அங்கே இருக்கும் செல்களைப் பிடித்துக்கொள்கிறது. நாம் எல்லோரும் இப்படித்தான் நினைத்திருக்கிறோம். ஃப்ளூவுக்கு இது ஏறக்குறையச் சரி, தட்டம்மைக்குச் சரியல்ல. பல ஆண்டுகள் ஆராய்ச்சியாளர்களும் தட்டம்மையை இப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

நம் மூச்சுக்குழாயின் உட்பரப்பில் எபிதீலியச் செல்கள் நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு முகங்கள். மேல்முகம் காற்றைப் பார்த்திருக்கிறது. அதில் அசையும் நுண்ணிழைகள், அவற்றின் மேல் சளி. அடிப்பக்கம் உடலின் உட்புறத்தைப் பார்த்திருக்கிறது. மேல்விளிம்பை ஒட்டி, பக்கத்துச் செல்லோடு இறுக்கமான இணைப்பு உண்டு. அதற்குக் கீழே இருக்கும் புரதம் மேலே வந்துவிட முடியாது. ஆகவே ஒரு வைரஸ் பிடித்துக்கொள்ள வேண்டிய பிடிமானம், அதாவது ஏற்பி, எந்த முகத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம்.

ஃப்ளூ வைரஸுக்கு வேண்டிய சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை வகை மேல்முகத்திலேயே கிடைக்கிறது. ஒட்டியதும் செல்லே அதை ஒரு சிறு பைக்குள் இழுத்துக்கொள்கிறது. பையில் அமிலத்தன்மை ஏற, வைரஸின் புரதம் வடிவம் மாறி தன் சவ்வையும் பையின் சவ்வையும் இணைத்துவிடுகிறது. அப்புறம் அதன் மரபுப் பொருள் செல்லுக்குள் போய்விடும்.

தட்டம்மைக்கு எபிதீலியத்தில் வேண்டியது நெக்டின்-4 என்ற புரதம். அது இருப்பதோ இறுக்கமான இணைப்புக்குக் கீழே, காற்றில் வரும் வைரஸுக்கு எட்டாத இடத்தில். அப்படியானால் எப்படி உள்ளே வருகிறது? நுரையீரலில் காவல் காக்கும் பெருவிழுங்கிகளும் டெண்ட்ரிடிக் செல்களும் அதை எடுத்துக்கொள்கின்றன. நோய் எதிர்ப்புச் செல்கள் பலவற்றின் மேல் இருக்கும் சிடி150 என்ற ஏற்பியைத் தட்டம்மை பற்றிக்கொள்ளும் என்பதை 2000-இல் ஜப்பானில் கண்டறிந்தார்கள். கிருமியைப் பிடிக்க வந்த செல்லே அதை நிணநீர் முடிச்சுக்குச் சுமந்து போகிறது. அங்கே பெருகி, இரத்தத்தில் உடலெங்கும் பரவி, பல நாள் கழித்து மூச்சுக்குழாய்க்கு அடிப்பக்கமாக வந்து, அங்கே நெக்டின்-4-ஐப் பற்றிக்கொள்கிறது. கொல்லைப்புறமாக வீட்டுக்குள் வந்து வாசல் வழியாக வெளியேறுவது போலத்தான். மேல்முகம் வழியே காற்றில் கலந்து, இருமலோடு அடுத்தவரைத் தேடிப் போகிறது.

இதை நிரூபித்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. எபிதீலிய ஏற்பியைப் பற்ற முடியாதபடி ஒரு தட்டம்மை வைரஸை மாற்றி, ரீசஸ் குரங்குகளுக்குக் கொடுத்தார்கள். 2008-இல் முடிவு வெளிவந்தது. குரங்குகளுக்கு நோய் வந்தது, ஆனால் மூச்சுப்பாதையில் வைரஸ் வெளிவரவில்லை. அந்த ஏற்பி எதுவென்றே அப்போது யாருக்கும் தெரியாது என்பதை நினைத்துப் பாருங்கள்! அது நெக்டின்-4 என்று 2011-இல்தான் தெரிந்தது. எபிதீலியம் தட்டம்மைக்கு உள்ளே வரும் வழியல்ல, வெளியே போகும் வழி.

இந்தச் சுற்றுப்பயணத்தால்தான் காய்ச்சல் தொடங்கவே ஏறத்தாழ 10 நாள் ஆகிறது. தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பே அந்தக் குழந்தையிடமிருந்து நோய் பரவத் தொடங்கிவிடுகிறது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, வெளியாள் வராமல் பார்த்துக்கொள்வது நல்ல வழக்கம்தான். ஆனால் வேப்பிலை செருகும் நேரத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் பலருக்கு அது தொற்றியிருக்கும். தடுப்பூசி போடாமல் நெருங்கிப் பழகிய 10 பேரில் 9 பேருக்குத் தொற்றும் நோய் இது.

அதே பயணம் நமக்கு ஒரு வாய்ப்பும் தருகிறது. ஃப்ளூ மூச்சுப்பாதையிலேயே ஓரிரு நாளில் வேலையை முடித்துவிடுகிறது, முன்பு கண்ட கிருமியைப் பற்றிய உடலின் நினைவு விழித்தெழ நேரம் போதுவதில்லை. தட்டம்மையோ இரத்தத்தைக் கடந்தாக வேண்டும். ஊசியால் உருவான எதிர்ப்பொருள் அங்கேதான் இருக்கிறது. 2 தவணை போட்டவர்களில் சுமார் 97 சதவீதம் பேருக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது, அது பெரும்பாலும் ஆயுள் முழுக்க நீடிக்கிறது. நம் நாட்டில் முதல் தவணை 9 முதல் 12 மாதத்துக்குள், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். இரண்டாவதைத் தவறவிட்ட குழந்தை உங்கள் தெருவில் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதும் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.