வெயில் தாங்கும் மீன், வேர் பறிக்காத மீன்

வணக்கம் நேயர்களே. செடித் தொட்டியில், அதாவது நீர்ச்செடி வளரும் மீன் தொட்டியில், எந்தெந்த மீன்களைச் சேர்த்து வளர்க்கலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

மீன் கடைக்குள் நுழைந்ததும் கண் நிறத்தின் மேல்தான் போகும். நீலமும் சிவப்புமாக நாலு, வரிபோட்டது மூன்று, தங்க நிறத்தில் ஒன்று என்று கட்டிக்கொண்டு வந்துவிடுவோம். கடைக்குப் போவதற்கு முன்பே வீட்டுத் தொட்டியில் ஒரு வெப்பமானியைப் போட்டு, மத்தியானம் மூன்று மணிக்கு எத்தனை டிகிரி காட்டுகிறது என்று பாருங்கள். சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில், நம் பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊரில், தகரக் கூரை வீடுகளில் தண்ணீர் 29, 30 டிகிரிக்கு ஏறுவது சாதாரணம். இந்தச் சூட்டைத் தாங்காத மீனை மற்ற எந்தப் பொருத்தமும் காப்பாற்றாது.

நியான் டெட்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஏற்ற வெப்பம் ஏறக்குறைய 20 முதல் 26 டிகிரி. நம் வீட்டில் அது உடனே சாகாது. சில மாதம் ஓடும், பிறகு ஒவ்வொன்றாகக் குறையும். நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவோம், மருந்தில் செடிதான் வாடும். அந்த நிறம்தான் வேண்டுமென்றால் கார்டினல் டெட்ரா வாங்குங்கள், அது கூடுதலான சூட்டைத் தாங்கும். கோல்ட்ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன். போதாததற்குச் செடியைத் தின்று வேரையும் கிளறும். செடித் தொட்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

சூட்டோடு ஆக்சிஜன் கணக்கும் மாறுகிறது. 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறைகிறது. அதே சூட்டில் மீனுக்கு மூச்சு அதிகம் தேவைப்படுகிறது. அதனால் குளிர்நாட்டுக்காரர் எழுதிய பட்டியலில் உள்ள எண்ணிக்கையை அப்படியே எடுக்காமல் கொஞ்சம் குறைத்தே வையுங்கள்.

நமக்கு நல்ல பொருத்தம் நம் மண்ணிலேயே இருக்கிறது. ஹார்லிக்வின் ரஸ்போராவை 1904-ல் டங்கர் என்ற ஜெர்மானியர் அறிவியல் பெயர் வைத்துப் பதிவு செய்தார். அது தீபகற்ப மலேசியாவிலும் சுமத்ராவிலும் உள்ள சதுப்புக்காட்டு ஓடைகளின் மீன். செம்பு நிற உடம்பு, பின்பாதியில் கறுப்பு முக்கோணம், நீளம் 5 சென்டிமீட்டருக்குள். கூட்டமாக நீந்தும், யாரையும் கடிக்காது. முட்டையிடும் நேரத்தில் பெண் மீன் தலைகீழாகத் திரும்பி, அகன்ற இலையின் அடிப்பக்கத்தில் வயிற்றை உரசிக்கொண்டே போகும், ஆண் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரும். அதற்குத் தோதான இலை கிரிப்டோகோரைன் செடியுடையது. அதுவும் நம் ஓடைச் செடிதான், அதிக வெளிச்சம் கேட்காது. புதிதாக நட்டதும் இலைகள் கரைந்து கொழகொழத்துப் போகலாம். செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள். வேர் உயிரோடுதான் இருக்கும், சில வாரங்களில் புது இலை விடும்.

இரண்டு அடித் தொட்டி, அதாவது 60க்கு 30க்கு 36 சென்டிமீட்டர், முழுக்க நிரப்பினால் 65 லிட்டர். மணலும் மேலே விடும் இடைவெளியும் போக 50 லிட்டர்தான் தேறும். இதில் நடுமட்டத்துக்கு ஹார்லிக்வின் 10, அடிமட்டத்துக்குக் குலி லோச் 6, மேல்மட்டத்துக்கு ஹனி கொராமி ஒரு ஜோடி. அவ்வளவு போதும். குலி லோச்சும் நம் நாட்டு மீன். புழுப்போல நெளிந்து மணலுக்குள் புகும், ஆகவே மெல்லிய மணல் வேண்டும். கூரான கல் போட்டால் வயிறும் மீசையும் புண்ணாகும். ஃபில்டர் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்சு மாட்டுங்கள், இல்லையென்றால் இரவில் உள்ளே புகுந்துவிடும். மூன்று அடித் தொட்டி வைத்திருப்பவர் ஹனி கொராமிக்குப் பதில் பேர்ல் கொராமி வைக்கலாம், ஆண் ஒன்று, பெண் இரண்டு. அது 12 சென்டிமீட்டர் வளரும், உடம்பெல்லாம் முத்துப் புள்ளி, சுபாவமும் சாது. பாசி தின்ன சயாமிஸ் ஆல்கி ஈட்டரையும் சேர்க்கலாம். அது 15 சென்டிமீட்டர் வரை போகும் என்பதால் சின்னத் தொட்டிக்கு வேண்டாம்.

சேரக்கூடாதவை எவை? டைகர் பார்ப் துடுக்கான மீன். கொராமியின் நூல்போன்ற துடுப்பையும் கப்பியின் வாலையும் கடித்தே முடமாக்கும். இரண்டு மூன்றாக வாங்கினால் இன்னும் மோசம். தங்களுக்குள் துரத்திக்கொள்ள ஆளில்லாமல் மற்ற மீன் மேல் பாயும். ஏஞ்சல் மீன் குட்டியாக இருக்கும்வரை நல்ல பிள்ளை, வளர்ந்தபின் வாயில் அடங்கும் டெட்ராவை விழுங்கும். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று பண்டாராயா மீனை வாங்குகிறோம். அது ஓர் அடிக்கும் மேல் வளரும், செடியை அடியோடு பெயர்க்கும். வளர்ந்தபின் ஆற்றில் விட்டுவிடாதீர்கள். நம் ஆறுகளில் அது ஏற்கெனவே பெருகி நாட்டு மீன்களுக்கு இடைஞ்சலாகிவிட்டது. சிவப்பு வாலோடு அழகாக இருக்கும் குட்டி லம்பாம் சுங்கை, வளர வளர உங்கள் செடியையெல்லாம் கீரைபோலத் தின்றுவிடும்.

செம்பனைத் தோட்டக் கால்வாயில் பிள்ளைகள் பிடித்துவரும் மீனிலும் கவனம் வேண்டும். ஆரஞ்சு வரியோடு கூட்டமாகத் திரியும் குட்டிகள் தோமானாக, அதாவது மற்ற மீன்களைத் தின்னும் பெரிய விரால் வகையாக, இருக்கலாம். ஒரு தோமான் போதும், தொட்டியே காலியாகும். களைக்கொல்லி அடிக்கும் தோட்டத்துக் கால்வாய்த் தண்ணீரையும் மீனோடு சேர்த்துத் தொட்டியில் ஊற்றாதீர்கள். பக்கத்தில் உள்ள ராஜா மூசா சதுப்புக் காட்டில் பேத்தா லிவிடா என்ற சின்னச் சண்டை மீன் இருக்கிறது. வட சிலாங்கூர் சதுப்புக்காட்டைத் தவிர வேறெங்கும் அது இல்லை. அமிலம் மிகுந்த கருந்தண்ணீரில் பிறந்தது, நம் குழாய்த் தண்ணீரில் பிழைக்காது. அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

மீன் விடும் வரிசைக்கு வருவோம். முதலில் செடி நட்டு ஃபில்டரை ஓடவிடுங்கள். நாலு வாரமாவது ஆகட்டும். சோதனைக் கருவியில் மீனுக்கு நஞ்சான அமோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியம் காட்டிய பிறகு ஹார்லிக்வின் ஐந்து. அடுத்த வாரம் மீதி ஐந்து. பிறகு குலி லோச். கொராமி கடைசியில்தான் வர வேண்டும். முதலில் விட்டால் தொட்டி முழுவதையும் தன் இடமாக்கிக்கொண்டு, பின்னால் வருவதை விரட்டும். ஆண் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

குழாய்த் தண்ணீருக்கு ஆன்டி-க்ளோரின் கட்டாயம். மழைத்தண்ணீர் பிடிப்பவர்கள் முதல் கால் மணி நேர மழையை ஓடவிட்டு, பிறகு பிடிப்பதைக் குழாய்த் தண்ணீரோடு சரிபாதி கலக்குங்கள். வெறும் மழைத்தண்ணீரில் அமிலத்தைத் தாங்கிப்பிடிக்கும் கார்பனேட் அநேகமாக இல்லை, பிஎச் திடீரென்று சரியும், அதாவது தண்ணீரில் அமிலம் கூடிவிடும். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள். டெங்கிக்குப் புகை அடிக்க வந்தால் காற்று பம்ப்பை நிறுத்தித் தொட்டியை ஈரத்துணியால் மூடுங்கள். அந்த மருந்து மீனுக்கு விஷம், பம்ப் அதை நேராகத் தண்ணீருக்குள் இழுத்துவிடும். புகை கலைந்ததும் பம்ப்பைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

செடி நிறைந்த தொட்டியில் விடியற்காலையில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவு, ஏனென்றால் இருட்டில் செடியும் ஆக்சிஜனை உறிஞ்சுகிறது. செடி வளர்ச்சிக்காகக் கார்பன்-டை-ஆக்சைடு விடுகிறவர்கள் விளக்கு எரியும்போது மட்டும் விடுங்கள். காலையில் விளக்கைப் போடுமுன் தொட்டியைப் பாருங்கள். கொராமி மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிப் போனால் அது அதன் பழக்கம். ஹார்லிக்வின் கூட்டம் மேலே நின்று வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் போதவில்லை. அன்றிரவிலிருந்து, விளக்கு அணையும் நேரத்தில் காற்றுக்கல் ஓடும்படி டைமரை வையுங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் மீன் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.